ஒரு குண்டும் பத்துக் குண்டுகளும்



கோடைக்கானலில் காற்றுத்துப்பாக்கி சுடப் பழகிவந்த கல்லூரி மாணவன் ஒருவன், போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில், மூன்று டப்பா ஈயக்குண்டுகளுடன் என்னிடம் வந்தான். விலை மிகுந்த டப்பாவிலிருந்து ஒரே ஒரு குண்டைச் சுட்டிருந்தான். அது நடுப்புள்ளியைத் துளைத்துவிட்டது. "சேர்த்து வைத்த பணம் முழுவதற்கும் இதையே வாங்கிவிடட்டுமா, ஐயா?" என்று கேட்டான். "பத்துக் குண்டு சுட்ட பிறகு பேசுவோம்" என்றேன்.

பத்து மீட்டர் ரைஃபிள் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. அதைத் துளைக்கும் குண்டோ 4.5 மில்லிமீட்டர். குண்டின் இடை சிறுத்திருக்கும். பின்புறம் பாவாடைபோல் விரிந்திருக்கும். காற்று தள்ளும்பொழுது அவ்விளிம்பு விரிந்து, குழலின் உட்புறச் சுருள்வரிகளைப் பற்றிக்கொண்டு சுழலும். விளிம்பு நசுங்கியிருந்தாலும், எடை குண்டுக்குக் குண்டு வேறுபட்டாலும் பாதை மாறும். ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ்., செக் நாட்டின் ஜே.எஸ்.பி. போன்ற புகழ்பெற்ற பெயர்கள் உண்டு. ஆயினும், பெயர் ஒன்றே போதாது. குண்டின் தலை அளவும் குழலுக்கு இசைய வேண்டும்.

துப்பாக்கியை மணல்மூட்டையின்மேல் சார்த்தினோம். டப்பா மாற்றும்போதெல்லாம் முதற் சில குண்டுகளைக் கணக்கில் கொள்ளாது விடுத்து, பின் பத்துப் பத்தாகச் சுட்டோம். ஒவ்வோர் அட்டையிலும் மிக விலகி நின்ற இரு துளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்தோம். விலை மிகுந்த குண்டுகள் 17 மில்லிமீட்டருக்குச் சிதறிக் கிடந்தன. முதல்நாள் நடுவைத் துளைத்தது தற்செயலே. இரண்டாம் டப்பா 12. மூன்றாவதன் துளைகள் அனைத்தும் நடுவுக்கு இடப்புறம் விலகி நின்றன. ஆனால் 6 மில்லிமீட்டருக்குள் ஒன்றன்மேலொன்றாய் நெருங்கியிருந்தன.

மாணவன் முகம் வாடிற்று. "மூன்றாவது ஒன்றும் நடுவில் படவில்லையே!" என்றான். குறிக்காட்டியின் திருகைச் சற்றே திருப்பினேன். அடுத்த பத்தும் நடுவைச் சூழ்ந்தன. நடுவில் படுவது துல்லியம். ஓரிடத்திலேயே படுவது ஒருசீர்மை. ஒருசீர்மை இருப்பின் துல்லியத்தைத் திருகினால் வரவழைக்கலாம். சிதறலைத் திருத்தத் திருகு கிடையாது.

அம்மூன்றின் பெயர்களை நான் கூறாததற்குக் காரணம் உண்டு. அம்முடிவு அந்தத் துப்பாக்கிக்கே உரியது. வேறொரு குழல் வேறொரு குண்டை விரும்பக்கூடும். இடமும் கருதத்தக்கது. சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கோடைக்கானலில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சுருள்வில் துப்பாக்கி சுற்றியுள்ள காற்றையே அழுத்திக் குண்டைத் தள்ளுவதால், அதன் வேகமும் மாறும். போட்டி சமவெளியில் நடைபெறவிருந்தமையால், அங்கு சென்று மீண்டும் சோதிக்குமாறு அவனிடம் சொன்னேன்.

இம்மலையிலுள்ள வானாய்வகத்தில் 1909ஆம் ஆண்டு ஜான் எவர்ஷெட், சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். ஒரு புள்ளியில் கண்டதோடு அவர் நிறைவுறவில்லை. வேறு புள்ளிகளிலும் அவ்வொழுங்கு தென்படுகிறதா என்று நோக்கினார். ஒருமுறை கண்டதை உண்மையென்று கொள்ளாமை அறிவியலுக்கும் குறிவைத்தலுக்கும் பொதுவான அறம்.

மற்றுமோர் அறமும் உண்டு. பழனிமலையின் சிரிப்பான் குருவிகள் நம் இலக்கு அல்ல. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அவற்றைக் காக்கிறது. நமக்குக் காகித அட்டை போதும். சுட்டு முடித்ததும் ஈயம் பட்ட கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள்.

மாணவன் மூன்றாவது டப்பாவையே வாங்கினான். அது விலையில் நடுத்தரமானது. எஞ்சிய பணத்தில் இலக்கு அட்டைகள் வாங்கி, நாள்தோறும் பழகலானான்.