சுமையறிந்து முறை தேர்தல்



தூண்டல் மோட்டரின் வேகத்தை மாற்றுங் கருவியை வாங்குவோர் அதன் வலுவையே முதலில் வினவுவர். அது எம்முறையில் மோட்டரை ஆளும் என வினவுவோர் சிலரே.

பெரிய விசிறிக்கு, வோல்ற்றளவையும் மீடிறனையும் ஒரே விகிதத்தில் மாற்றும் எளிய முறை போதும். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால், வேண்டிய வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

பாரந்தூக்கியின் நிலை வேறு. அந்தரத்தில் நிற்குஞ் சுமையைத் தாங்க, வேகம் பூச்சியமாயினும் முறுக்குவிசை முழுதும் வேண்டும். எளிய முறை அங்கே தளரும். தடுப்பு விடுபட்டதும் சுமை சரியலாம். கீழே நிற்பவர் உயிருக்கே இடர். ஆங்கு, அச்சின் சுழற்சியை உணர்கருவி அளந்து கூற, காந்தப் பாயத்தையும் முறுக்குவிசையையும் தனித்தனியே ஆளும் காவி முறையே தக்கது.

ஆயினும், ஒரே கருவியிற் பல மோட்டர்களைப் பூட்டுமிடத்து எளிய முறையே பொருந்தும். ஆதலின், விலைப்பட்டியலைப் பார்க்குமுன் சுமையைப் பாருங்கள்.