மாடி வாடகையும் ஒற்றிப் பணமும்
(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தும், தம்பானூரில் இட்லிக்கடை போட்டும், தெருக்களைக் கூட்டியும் இந்தத் திருவனந்தபுரத்தில் தலைமுறை தலைமுறையாக வாடகை கொடுத்தவர்கள் நாம். இன்று நம்மில் சிலர், கீழே நாம் இருப்போம், மாடியை வாடகைக்கு விடுவோம் என்று வீடு வாங்கப் புறப்பட்டிருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். எந்தப் பணத்தில் வாங்குவது என்பதைப் பற்றியே நாங்கள் பேச வந்தோம்.

வீட்டின் விலை 30 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். நம் வருமானத்தைப் பார்த்து வங்கி 20 இலட்சம் தருகிறது. மீதி 10 இலட்சம். முத்திரைத்தாளுக்கு 8 சதவீதம், பதிவுக்கு 2 சதவீதம், ஆக இன்னொரு 3 இலட்சம். இந்தச் செலவுக்கு வங்கி கடன் தராது. 13 இலட்சம் கையில் வேண்டும். வங்கிக் கடனுக்கு வட்டி எட்டரை சதவீதம், தவணை 20 ஆண்டு என்றால் மாதம் சுமார் 17,350 ரூபாய். வாங்கியது 20 இலட்சம், கட்டி முடிப்பது நாற்பத்தொன்றரை இலட்சத்துக்கு மேல்! மாடி வாடகை 7,000 வந்தாலும் மீதி நம் கூலியிலிருந்துதான். மாடி இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் முழுத் தவணையும் நம் தலையில்.

அந்த 13 இலட்சம் இல்லாதபோதுதான் ஒற்றி உள்ளே நுழைகிறது. மாடிக்கு வருபவரிடம் 5 இலட்சம் மொத்தமாக வாங்குவது, மாத வாடகை இல்லாமல் குடிவைப்பது, போகும்போது முழுத் தொகையையும் திருப்பிக் கொடுப்பது. இந்த ஊரில் இது சர்வசாதாரணம். ஆனால் தோழர்களே, வாடகை எங்கே போயிற்று? தவணைக்கு உதவும் என்று நம்பிய 7,000 ரூபாயை முதல் நாளே தின்றுவிட்டோமே!

சில ஆண்டுகளுக்கு முன் நம் குடும்பங்கள் இரண்டு இதில் சிக்கின. வீட்டுக்காரரும் நம்மவர், ஒற்றி கொடுத்தவரும் நம்மவர். மகள் கல்யாணத்துக்குப் பணத்தைக் கேட்டார் மாடிக்காரர். இவரிடம் இல்லை. வங்கித் தவணையும் நின்றிருந்தது. நள்ளிரவு வரை பேசினோம். யாரைக் குற்றம் சொல்வது? கல்யாணம் தள்ளிப்போனது. இரு வீட்டாரும் இன்றும் பேசிக்கொள்வதில்லை.

100 ரூபாயும் அதற்கு மேலும் ஒற்றி வைத்தால் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதாது. வீடு முன்பே வங்கியில் அடகிருந்தால் வங்கிக்குப் போக மிஞ்சியதுதான் ஒற்றிக்காரருக்கு.

பின் என்ன வழி? வீடு தேடுவதற்கு நாலைந்து வருஷம் முன்பே சிட்டியில் சேருங்கள். 1969 இல் தொடங்கிய அரசு நிறுவனமான கே.எஸ்.எப்.இ. இருக்கிறது. தொடக்கத்திலேயே சிட்டி பிடித்தால் 30 சதவீதம் வரை தள்ளுபடியில் போய்விடும், ஜாமீனும் வேண்டும். (ஜாமீன் என்றால் ரயில்வே குமாஸ்தாக்களான எங்களைத் தேடித்தான் வருகிறீர்கள், எங்கள் சம்பளமும் எத்தனை பேரைத்தான் தாங்கும்?) பொறுத்திருந்து கடைசியில் எடுப்பவருக்கே ஆதாயம்.

காகிதங்களில் ஏமாறாதீர்கள். முன் ஆதாரம், வில்லங்கச் சான்று, போக்குவரவு, கரம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் பாருங்கள். மூல ஆதாரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன் வில்லங்கச் சான்றில் எப்போதும் ஏறியிருக்கும் என்பதில்லை. ஆகவே நகலைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். பவர் எழுதிக் கொடுத்து விற்பதால் உரிமை மாறாது என்று 2011 இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அரசு ஒதுக்கிய காலனி வீட்டை வெறும் ஒப்பந்தத்தில் வாங்குகிறவர்கள் இதைக் கேளுங்கள்.

முன்பணம் கொடுக்குமுன் அந்தக் காகிதங்களுடன் ஞாயிறு மாலை சங்க அறைக்கு வாருங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். தவணை கட்ட வேண்டியவர்கள் அவர்களும்தானே.