பந்தாட்ட ரசிகர்களும் போலீஸ் கண்களும்



கூட்டம் என்றால் கலகம், கலகம் என்றால் போலீஸ் என்று நமது மூளையில் பதிய வைத்திருக்கிறார்கள். அந்த அபிப்பிராயம் சரிதானா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் நடந்த ஒரு சங்கதியைக் கொண்டு இன்று அதைச் சோதித்துப் பார்ப்போம்.

1989-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி ஷெபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் கோஷ்டிக்கும் நாட்டிங்காம் பாரஸ்ட் கோஷ்டிக்கும் கால்பந்தாட்டப் பந்தயம் நடந்தது. அக்காலத்தில் அந்நாட்டு ரசிகர்களில் சிலர் அடிதடி செய்து வந்தது உண்மைதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சிலருக்காக எல்லோரையும் இரும்பு வேலிக்குள், ஆடுகளைப் பட்டியில் அடைப்பதுபோல் அடைத்தார்கள். அன்று வாசலில் நெருக்கடி மிகவே, போலீஸ் அதிகாரி ஒரு பெரிய கதவைத் திறக்கும்படி உத்தரவிட்டார். உள்ளே வந்தவர்கள் நேரே சுரங்கவழியில் இறங்கினார்கள். அதை அடைக்க யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப்பட்டிகளில் லிவர்பூல் ரசிகர்கள் நசுங்கினார்கள்.

போலீசாரின் அறை அந்தப் பட்டிகளைப் பார்த்தபடியே இருந்தது, காமிராக்களும் இருந்தன. அத்தனை கண்களும் எதைப் பார்த்தன? மூச்சுத் திணறி வேலியில் ஏறினவனை, மைதானத்தில் புகுந்து கலகம் செய்ய வருகிறவன் என்றே முதலில் எண்ணினார்கள். 97 பேர் மாண்டார்கள். அவர்களில் கடைசியானவர் அன்றைய காயத்தின் பலனாக 2021-ல் இறந்தார்.

பிறகு நடந்த யோக்கியதையைக் கேளுங்கள். ரசிகர்களே கதவை உடைத்து நுழைந்ததாக அதிகாரி பொய் சொன்னார். இறந்தவர்கள் சாராயம் குடித்திருந்தார்களா என்று, சிறு பிள்ளைகளையுங்கூட விடாமல், பிணங்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். சாராயம் தென்பட்டவர்களின் பெயர்களைக் குற்றவாளிகள் பதிவில் தேடினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனை நினைத்துப் பாருங்கள்! மைதானத்தில் பூட்டியிருந்த காமிரா அறையிலிருந்து இரண்டு வீடியோ நாடாக்கள் அன்றிரவே மறைந்தன. அந்தக் கள்ளன் மாத்திரம் எந்தக் கண்ணிலும் படவில்லை.

நீதிபதி டெய்லர் அதே வருஷத்தில் விசாரித்து, போலீசாரின் ஏற்பாடு தவறியதே முக்கிய காரணம் என்று எழுதினார். அப்படியிருந்தும் 1991-ல் "தற்செயலான மரணம்" என்று தீர்ப்பாயிற்று. 2012-ல் ஒரு சுயேச்சைக் குழு பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டியபோது, 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டதும், 116-ல் போலீசாருக்குப் பாதகமான வார்த்தைகள் நீக்கப்பட்டதும் வெளியாயின. 2016-ல்தான், அதுவரை இறந்திருந்த 96 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள், ரசிகர்கள்மீது தவறில்லை என்று ஜூரிகள் சொன்னார்கள். இதற்கு 27 வருஷம்! அந்தச் சாவுகளுக்காக ஜெயிலுக்குப் போன போலீஸ்காரர் ஒருவருமில்லை.

சர்க்காரோ, ரசிகன் ஒவ்வொருவனும் அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டுமென்று அந்த 1989-லேயே சட்டம் செய்தார்கள். டெய்லர் கூடாதென்றதால் அது அமலுக்கு வரவில்லை. 2000-ல் செய்த சட்டப்படி, தண்டனையே அடையாதவனையும், முன்பு கலகத்தில் சம்பந்தப்பட்டான் என்று கோர்ட்டார் கருதினால், போலீசாரின் மனுவின்பேரில் பந்தயத்துக்குப் போகாமல் தடுக்கலாம். பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்கச் செய்யலாம்.

கலகக்காரனைப் பிடிக்க வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. பிடிக்கட்டும், சாட்சி வைத்து ருசுப்படுத்தட்டும். ஆனால் அன்று வேலியில் ஏறினவனைக் கண்டதும், ஏனப்பா ஏறுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லவா?