பதினோரு வருஷ இடைவெளி

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் வரப்போகுது, அது நம்ம எல்லாருக்கும் தெரியும். அதே லிஸ்ட்டில் கிரிக்கெட்டோடு சேர்ந்து உள்ளே வந்த இன்னொரு விளையாட்டு, லக்ராஸ். அது என்னதான் ஆட்டம்னு புரிஞ்சுக்கப் போனேன். போன இடத்தில் ஒரு கோச்சின் கதையில் மாட்டிக்கிட்டேன்.

அவர் பெயர் கெல்லி அமோன்டே ஹில்லர். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பெண்கள் லக்ராஸ் அணியின் பயிற்சியாளர். அவர் அணி தேசிய சாம்பியன் ஆன வருஷங்களைச் சொல்றேன், கேளுங்க. 2005, 2006, 2007, 2008, 2009, 2011, 2012. அப்புறம் நேரா 2023.

கேட்கும்போதே ஒரு இடம் இடிக்குது இல்லையா? 2012-க்கும் 2023-க்கும் நடுவில் பதினோரு வருஷம். இன்னைக்கு எபிசோட் அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாச் சொல்லிடறேன். நீளமான ஒரு குச்சி, அதன் முனையில் சின்ன வலைப்பை. ரப்பர் பந்தை அதில் பிடிச்சு, ஓடி, எறிந்து கோல் போடணும். பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 12 பேர். வட அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடமிருந்து வந்த விளையாட்டு இது. இதில் ஒரு விதியை மட்டும் மனசில் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். கால்பந்தில் ஒரு அணி கோல் போட்டால் பந்து எதிரணிக்குப் போகும். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுக்களத்தில் இரண்டு அணியிலிருந்தும் ஆளுக்கொருத்தர் குச்சிகளை ஒட்டி நிற்பாங்க, பந்து நடுவில் இருக்கும். விசில் அடிச்சதும் மேலே தூக்கி, யார் எடுக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் பந்து. இதுக்கு டிரான்னு பேர். டிராவைத் தொடர்ந்து ஜெயிக்கிற அணி, எதிரணியைப் பந்தைத் தொடவே விடாமல் கோல் மேல கோல் போட முடியும்.

இப்போ கதைக்கு வருவோம். அமோன்டே ஹில்லர் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பெண். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது 1995, 1996 இரண்டு வருஷமும் தேசிய சாம்பியன் அணியில் ஆடியவர். அங்கே அவருடைய கோச் சிண்டி டிம்சல். மேரிலாந்துக்கு மட்டும் 8 தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தவர். இந்த டிம்சல் பெயரையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

நார்த்வெஸ்டர்ன் இருப்பது சிகாகோவை ஒட்டி, மிச்சிகன் ஏரிக்கரையில். லக்ராஸ் வேர்விட்டதோ மேரிலாந்து, நியூயார்க் மாதிரியான கிழக்குக் கடற்கரைப் பக்கம். நார்த்வெஸ்டர்னிலும் முன்பு அணி இருந்தது. 1980-களில் அதற்கு கோச்சாக இருந்தவரே டிம்சல்தான். அவர் மேரிலாந்துக்குப் போன பிறகு, 1992-ல் அந்த அணியையே மூடிட்டாங்க. திரும்ப ஆரம்பிக்கலாம்னு பல்கலைக்கழகம் முடிவு பண்ணி 2000-ல் கூப்பிட்டது, முப்பது வயசுகூட ஆகாத டிம்சலின் மாணவியை.

வந்து பார்த்தால் அணி இல்லை. நல்ல ஆட்டக்காரப் பெண்கள் எல்லாம் கிழக்கிலேயே பெரிய கல்லூரிகளில் சேர்ந்துடுவாங்க. அப்போ என்ன பண்றது? ஒருநாள் கேம்பஸில் ஓடிக்கொண்டிருந்த இரட்டைச் சகோதரிகளைப் பார்த்தார். நல்ல உடல்வாகு, நல்ல வேகம். லக்ராஸ் ஆட வர்றீங்களான்னு கேட்டார். அதுவரை அவங்க லக்ராஸ் ஆடியதே இல்லை. ஆனாலும் வந்தாங்க.

2002-ல் முதல் சீசன். 5 வெற்றி, 10 தோல்வி. 2005-ல் 21 ஆட்டம், 21 வெற்றி, தேசியப் பட்டம். அந்த இரட்டையரும் அணியில் இருந்தாங்க.

அந்த அணி வெள்ளை மாளிகைக்குப் போனப்போ நடந்ததையும் சொல்லணும். ஜனாதிபதியோடு எடுத்த குரூப் போட்டோவில் சில பெண்கள் ஹவாய் செருப்பு போட்டிருந்தாங்க. அவ்வளவுதான், அமெரிக்கா முழுக்க அதுதான் செய்தி. ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் ஜெயிச்சவங்களைப் பற்றி நாடே பேசியது, அவங்க காலில் என்ன இருக்குன்னு! அந்தப் பெண்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? அந்தச் செருப்புகளை ஏலம் விட்டு, மூளைக்கட்டியோடு போராடிக்கொண்டிருந்த ஒரு சிறுமிக்காகப் பணம் திரட்டினாங்க.

பொதுவா இந்தக் கதையை இங்கேயே நிறுத்திடுவாங்க. ஒன்றுமில்லாமல் ஆரம்பித்து, தொடர்ந்து ஐந்து பட்டம், எட்டு வருஷத்தில் ஏழு. மோட்டிவேஷன் வீடியோவுக்கு இது போதும். ஆனா வாழ்க்கை அங்கே நிற்கலையே.

2013, 2014-ல் அரையிறுதியில் தோல்வி. அடுத்த நான்கு வருஷம், 2015 முதல் 2018 வரை, அரையிறுதிக்குக்கூடப் போகலை. ஆட்டமும் மாறிக்கொண்டிருந்தது. 2017-ல் 90 விநாடிக் கடிகாரம் வந்தது, அதற்குள் கோலை நோக்கி எறிஞ்சாகணும், பந்தை வெச்சுக்கிட்டு நேரத்தை ஓட்ட முடியாது. விசில் அடிச்சா எல்லாரும் அப்படியே நிற்கணும்ங்கிற பழைய விதியும் அடுத்த சீசனில் போயிடுச்சு. பழைய வெற்றிக்கான வழிமுறை அப்படியே வேலைக்கு ஆகாது.

கல்லூரி கோச் வேலையில் இன்னொரு சிக்கல் இருக்கு. கிளப் அணி மாதிரி நல்ல ஆளைப் பத்து வருஷம் வெச்சுக்க முடியாது. பொதுவா ஒரு மாணவிக்கு நான்கு சீசன்தான். 2015-ல் சேர்ந்து 2018-ல் முடித்துப் போன ஒரு பெண்ணை யோசிச்சுப் பாருங்க. நுழையும்போது சுவரில் ஏழு பட்டங்கள். வெளியே போகும்போது அதே ஏழு. அரையிறுதியைக்கூடப் பார்க்காத பேட்ச். அந்தப் பெண்களும் காலையில் எழுந்து அதே பயிற்சியைத்தான் செய்தாங்க. கோச்சும் ஒவ்வொரு வருஷமும் புதுசா வர்ற 18 வயசுப் பெண்களுக்கு அதே அடிப்படையை மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கணும். பதினோரு வருஷத்தில் கிட்டத்தட்ட மூன்று முழு அணிகள் வந்து போயிருக்கும்.

இதே காலத்தில் அவருடைய குரு என்ன பண்ணார்? டிம்சல், மேரிலாந்தை விட்டு அமெரிக்கக் கடற்படை அகாடமிக்குப் போய், அங்கே புதிதாகத் தொடங்கிய அணியை எடுத்து நடத்தினார். 2017-ல் அந்த அணி அரையிறுதி வரைக்கும் போனது. ராணுவ அகாடமிப் பெண்கள் அணி ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மாணவியின் அணி திணறின வருஷத்தில், எட்டுப் பட்டம் வாங்கிய குரு பட்டமே இல்லாத ஓர் இடத்தில் முதல் படி ஏறிக்கொண்டிருந்தார்.

2019-ல் நார்த்வெஸ்டர்ன் மறுபடி அரையிறுதி. தோல்வி. 2020 சீசனை கோவிட் பாதியில் நிறுத்தியது. 2021-ல் மறுபடி அரையிறுதியில் தோல்வி. 2022 அரையிறுதிதான் கொடுமை. நார்த் கரோலினாவுக்கு எதிரா பெரிய முன்னிலையோடு கடைசிக் கால்பகுதிக்குள் போனாங்க. முன்னாடி சொன்ன டிரா ஞாபகம் இருக்கா? எதிரணி கோல் போட்டது, பந்தை எடுத்தது, மறுபடி கோல் போட்டது. 15-14, நார்த்வெஸ்டர்ன் வெளியே. அணியின் முக்கிய ஆட்டக்காரர் இஸி ஸ்கேன் முழங்கால் தசைநார் கிழிந்து அந்த சீசன் முழுக்க ஆடலை.

2023 சீசனின் முதல் ஆட்டமும் தோல்வி. அதுக்கப்புறம் ஒன்றுகூடத் தோற்கலை, 21 வெற்றி. இறுதிப் போட்டியில் பாஸ்டன் காலேஜை 18-6 என்று வென்றாங்க. காயத்திலிருந்து திரும்பிய ஸ்கேன் அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர். அவர் மிச்சிகன் மாநிலத்துப் பெண். கோச் வந்தப்போ ஓடிக்கொண்டிருந்தவங்களைக் கூப்பிட்டு ஆட வைக்க வேண்டியிருந்த அதே மத்திய மேற்குப் பகுதியிலிருந்து நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் வந்திருக்கார். எட்டாவது பட்டத்தோடு மாணவி குருவின் எண்ணிக்கையையும் தொட்டார்.

சுபம் போட்டுடலாமா? முடியாது. 2024 இறுதியில் 6-0 என்று முன்னிலை எடுத்து, 14-13 என்று தோற்றாங்க. 2025 இறுதியிலும் தோல்வி.

நான் இதில் எடுத்துக்கிட்டது இதுதான். ஒன்றை ஆரம்பிக்கிறவங்களை நமக்குப் பிடிக்கும், ஜெயிக்கிறவங்களையும் பிடிக்கும். நடுவில் இருக்கிற வருஷங்களை, நம்ம சொந்த வருஷங்களையே, வீணாப் போச்சுன்னு எழுதிடறோம். அந்த 2015 பேட்ச்சைப் பற்றித் திரும்பத் திரும்ப யோசிச்சேன். அவங்க பேர் எந்தக் கோப்பையிலும் இல்லை. ஆனா அவங்க ஆடலைன்னா 2019-ல் ஸ்கேன் வந்து சேர அங்கே ஒரு அணி இருந்திருக்காது. கோச் அந்த வருஷங்களில் கிளம்பியிருந்தாலும் அப்படித்தான்.

நீங்க இப்போ அப்படி ஒரு நடு வருஷத்தில் இருந்தா, எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.