கோப்பியின் விலையும் நபிகளாரின் சந்தை நீதியும்



 

நாம் பருகும் கோப்பி முஸ்லிம்களின் வரலாற்றோடு பின்னிப்பிணைந்த பானமாகும். 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு ஸூபிகள் இரவு வணக்கத்தின்போது உறக்கம் வராதிருக்க இதனை அருந்தினர். 'கஹ்வா' என்ற அறபுச் சொல்லே திரிந்து 'கோப்பி' ஆயிற்று. எத்தியோப்பியாவின் ஒரோமியாவிலும் இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்துக் காயோ மலைநாட்டிலும் இன்று அதனைப் பயிரிடுவோரில் பெருந்தொகையினர் நமது முஸ்லிம் சகோதரர்களே.

இப்பானம் ஹலால் என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும், அது விவசாயியிடமிருந்து வாங்கப்பட்ட முறை நீதியானதா என்று நாம் எப்போதாவது வினவியதுண்டா?

கிராமப்புறத்திலிருந்து சரக்கோடு வருவோரைச் சந்தைக்கு வெளியே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடைசெய்தார்கள். 'தலக்கிர் ருக்பான்' எனப்படும் இத்தடை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்து உண்மை நிலையை அறிந்தால், அந்த வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்குண்டு என்றும் முஸ்லிம் கிரந்தத்தில் வந்துள்ளது. 'அவன் சம்மதித்துத்தானே விற்றான்?' என்ற வாதம் இங்கு எடுபடவில்லை என்பதைக் கவனியுங்கள். விலை அறியாதவனின் சம்மதம் முழுமையான சம்மதமன்று.

இனி மெக்சிக்கோ நாட்டின் ஒஹாக்கா மலைகளுக்குச் செல்வோம். அங்குள்ள ஏழை விவசாயிக்குச் சந்தைக்குச் செல்ல நல்ல பாதையில்லை. கோப்பியின் விலையோ தொலைவிலுள்ள நியூயோர்க் சந்தையில் தீர்மானிக்கப்பட்டது. கையில் காசில்லாத வேளையில் வாசலுக்கு வந்த இடைத்தரகன் சொன்னதே விலையாயிற்று. இந்நிலையை மாற்ற அவ்விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமாக ஒன்றிணைந்தனர். அவர்களோடு பணியாற்றிய ஒல்லாந்து நாட்டுக் கிறிஸ்தவ மதகுரு பிரான்ஸ் வான் டெர் ஹொவ் என்பவரின் முயற்சியோடு, 1988இல் நெதர்லாந்தில் 'மக்ஸ் ஹவெலார்' என்னும் நியாய வணிக முத்திரை தோன்றியது.

அதன் பயனை ஓர் உதாரணத்தால் விளங்கலாம். நாடுகளுக்கிடையிலான ஏற்றுமதிப் பங்கீட்டு ஒப்பந்தம் 1989இல் குலைந்தது. அதன்பின் விலை தளம்பி, 2001 இறுதியில் ஓர் இறாத்தல் அரபிக்கா கோப்பி 50 அமெரிக்க சதத்திற்கும் கீழே வீழ்ந்தது. அவ்வேளையிலும் இம்முத்திரையின் கீழ் வாங்கியோர், சமூக நலப் பங்கு உட்பட, 1.26 டொலர் செலுத்தினர். 2023 ஆகஸ்ட் முதல் கழுவிய அரபிக்காவின் ஆகக்குறைந்த விலை 1.80 டொலராக உயர்த்தப்பட்டது. சந்தை விலை அதனைவிடக் கூடுமாயின், கூடிய விலையையே கொடுக்க வேண்டும்.

'விலை நிர்ணயம் செய்ய நபியவர்கள் மறுத்தார்களே!' என்று மார்க்கம் கற்கும் இளைஞர் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். அங்கு மறுக்கப்பட்டது, ஆட்சியாளர் வியாபாரிகள் மீது விலையைத் திணிப்பதாகும். இதுவோ வாங்குபவர் தாமாக விரும்பிச் செய்துகொள்ளும் உடன்படிக்கை.

சகோதரர்களே! மக்களுக்குரிய பொருட்களின் பெறுமதியைக் குறைக்க வேண்டாமென மத்யன்வாசிகளை எச்சரித்த நபி ஷுஐப் (அலை) அவர்கள், அடுத்த மூச்சிலேயே, சீர்செய்யப்பட்ட பூமியில் குழப்பம் விளைவிக்க வேண்டாமெனவும் எச்சரித்ததை ஸூரத்துல் அஃராபில் காண்கிறோம். இவ்விரண்டுக்கும் தொடர்புண்டு. உரிய விலை கிடைக்காத விவசாயியால் மண்ணைப் பேணவோ, முதிர்ந்த செடிகளை அகற்றிப் புதியன நடவோ முடியாது. 1869இல் நமது இலங்கையில் தோன்றி, இரு தசாப்தங்களுள் கோப்பித் தோட்டங்களை அழித்த அதே இலைத்துரு நோய், 2012இல் மத்திய அமெரிக்காவைக் கடுமையாகத் தாக்கியது. குறைந்த வருமானத்தால் பராமரிக்கப்படாதிருந்த தோட்டங்களே அங்கு பெரிதும் நலிந்தன.

முத்திரை மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. பல சங்கங்களால் தமது விளைச்சல் முழுவதையும் அவ்விலைக்கு விற்க முடிவதில்லை. ஆகவே, முத்திரையைத் தேடுவதோடு நமது கடமை முடிந்துவிடுவதில்லை.

பெற்றோர்களே! நமது சமூகத்தில் மிளகும் கராம்பும் கோப்பியும் கொள்வனவு செய்யும் வியாபாரிகள் பலர் இருக்கின்றனர். மலையோரக் கிராமத்து ஏழை ஒருவர், அவர் எம்மதத்தவராயினும், ஒரு சாக்கு மிளகோடு நம் கடை வாசலுக்கு வரும்போது, இன்றைய சந்தை விலையை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். தராசை அவர் கண்முன்னே நிறுத்துங்கள். அதனை உங்கள் பிள்ளைகள் பார்க்கட்டும். ஆயிரம் உபதேசங்களைவிட அது அவர்களின் உள்ளத்தில் பதியும்.

இளைஞர்களே! கையடக்கத் தொலைபேசியில் ஒரு நொடியில் விலையை அறியும் வசதி உங்களுக்குண்டு. அந்த அறிவை அறியாதவரை ஏமாற்றும் ஆயுதமாக்காது, அவருக்குச் செய்யும் ஸதகாவாக்குங்கள்.

அறியாதவரின் உரிமையையும் பேணும் நேர்மையான கூட்டத்தில் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.