வடிவைக் கருவி பார்க்கட்டும். பொருளை நாம் பார்ப்போம்

(ஓசூரில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பணியாற்றும் நமக்குத் தொழிற்சாலை புதிதன்று. நம் வகுப்புப் பிள்ளைகள் பலருடைய பெற்றோர் சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகிறவர்கள். அவர்களிடம் 'பிளக் கேஜ்' என்றால் என்ன என்று கேளுங்கள். இரும்புப் பாகத்தில் போட்ட துளையின் அளவு சரியா என்று பார்க்கும் சிறு உருளை அது. ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும். மறுமுனை நுழையக் கூடாது. அப்படி இருந்தால் பாகம் அடுத்த மேசைக்குப் போகும். இல்லையென்றால் அங்கேயே நிற்கும். பார்ப்பவர் யாராக இருந்தாலும் முடிவு ஒன்றுதான். மென்பொருள் எழுதுகிறவர்களும் தங்கள் குறிப்புகளுக்கு இப்படி ஒரு கேஜ் வைத்திருக்கிறார்கள். அதில் நமக்கும் பாடம் உண்டு.

12-ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் கற்பிக்கிறோம். மாணவர் நிரல் எழுதுவார், திருத்துவார், மறுபடியும் திருத்துவார். 'புதியது', 'புதியது 2', 'கடைசி' என்று கோப்புகள் பெருகும். நேற்று ஓடிய நிரல் எது என்று தெரியாது. இதற்கு உலகெங்கும் பயன்படும் கருவி 'கிட்'. லினக்ஸ் கெர்னல் திட்டத்தின் தேவைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் இதை எழுதினார். ஒவ்வொரு மாற்றத்தையும் பெயரோடும் தேதியோடும் அது பதிந்து வைக்கும். அந்தப் பதிவுதான் 'கமிட்'. என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று அதனுடன் ஒரு குறிப்பும் எழுத வேண்டும்.

அந்தக் குறிப்பு பின்னால் வருகிறவருக்காக. பணி மாறுதலில் ஒரு பள்ளிக்குப் போகிறோம். முன்னிருந்தவரின் பதிவேட்டில் 'பாடம் நடத்தப்பட்டது' என்று மட்டும் இருந்தால் நமக்கு என்ன விளங்கும்? 'பின்னங்கள்: கூட்டல் முடிந்தது, கழித்தலில் ஐந்து பேருக்குப் பயிற்சி தேவை' என்று இருந்தால் மறுநாளே வகுப்பைத் தொடங்கலாம். 'சரி செய்தேன்' என்ற கமிட் குறிப்பு முதல் வகை. 'மதிப்பெண் காலியாக இருந்தால் சராசரி தவறுவதைத் திருத்து' என்பது இரண்டாம் வகை.

ஆகவே பல திட்டங்கள் விதி வகுத்துள்ளன. முதல் வரி ஏறத்தாழ 50 எழுத்துக்குள் அடங்க வேண்டும். அடுத்த வரியை வெறுமையாக விட வேண்டும். அதன்பின் விளக்கம் வரலாம். வினைச்சொல் 'திருத்து', 'சேர்', 'நீக்கு' என ஏவலாக இருப்பது நல்லது. இவற்றை ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் சுட்டிக்காட்டினால் அவருக்கு அலுப்பு, கேட்பவருக்கு மனத்தாங்கல். எனவே கருவியிடம் விடுகிறார்கள். லினக்ஸ் கெர்னல் திட்டத்தில் 'செக்பேட்ச்' என்ற நிரல் உண்டு. மாற்றத்துக்கு விளக்கம் இல்லாவிட்டாலும், அனுப்புபவரின் ஒப்பம் இல்லாவிட்டாலும் அது சொல்லிவிடும்.

கிட்டில் 'ஹூக்' என்று ஒரு வசதி இருக்கிறது. கமிட் பதிவாகும் முன் நாம் வைத்த சிறு நிரலை கிட் இயக்கும். அந்த நிரல் 0 என்று விடை தந்தால் பதிவு நடக்கும். வேறு எண் தந்தால் நின்றுவிடும். நம் 12-ஆம் வகுப்பு மாணவரே இதைப் பைத்தானில் சில வரிகளில் எழுதலாம்: கோப்பைத் திற, முதல் வரியின் நீளத்தைப் பார், இரண்டாம் வரி வெறுமையா என்று பார். ஒன்று நினைவிருக்கட்டும். திட்டத்தை வேறு கணினிக்கு நகலெடுக்கும்போது ஹூக் கூடவே போகாது. அங்கும் நிறுவ வேண்டும். வேண்டுமென்றே அதைத் தாண்டிப் போகவும் வழி உண்டு. அதனால் பெரிய திட்டங்களில் பொதுச் சர்வரிலும் ஒருமுறை சோதிக்கிறார்கள்.

இனி நமக்கு மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 'மாணவர்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மா, ண, வ, ர் என்று முதல் வகுப்புப் பிள்ளை நான்கு எண்ணும். பைத்தானின் நீளம் காணும் கட்டளை 6 என்று சொல்லும். துணைக்காலையும் புள்ளியையும் அது தனியாக எண்ணுகிறது. பைட் கணக்கில் பார்க்கும் நிரல் 18 என்று சொல்லும். 50 என்ற வரம்பைப் பைட்டில் வைத்தால், தமிழில் பதினாறு குறியீடுகளோடு வரி முடிந்துவிடும். தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் இதே கதிதான். மூன்று மொழிகளும் புழங்கும் நம் ஊரில் விதியை மீறாத பிள்ளையின் குறிப்பைக் கருவி தள்ளும். 'என் மொழி கணினிக்கு ஆகாது' என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிட்டால் இழப்பு பெரிது. பிழை கேஜில் இருக்கிறது, பிள்ளையிடம் இல்லை. முத்து அண்ணாமலை தொடங்கிய 'ஓப்பன் தமிழ்' என்னும் பைத்தான் தொகுப்பு தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகச் சரியாகப் பிரித்துத் தரும். சோதிக்கும் நிரலில் அதைப் பயன்படுத்தலாம்.

இன்னொன்று. துளையின் அளவைச் சொல்லும் பிளக் கேஜ், துளை சரியான இடத்தில் இருக்கிறதா என்று சொல்லாது. அதுபோல, 'திருத்து: சராசரிக் கணக்கு' என்று எழுதிவிட்டு, நிரலில் வேறெதையோ மாற்றியிருந்தாலும் கருவி அனுமதிக்கும். குறிப்பு உண்மையா, காரணம் விளங்குகிறதா என்று ஆசிரியர்தான் படித்துப் பார்க்க வேண்டும். ஓரம் விட்டதா, தேதி போட்டதா என்று பார்ப்பதில் செலவான நேரம் இப்படிப் படிப்பதற்குக் கிடைக்கும். கருவியால் நமக்குள்ள லாபம் அதுவே. கருவி தந்த விடையையே மதிப்பெண்ணாகப் போட்டால் அந்த லாபம் போய்விடும்.

கருவி தடுக்கும்போது சொல்லும் வாசகத்தையும் கவனியுங்கள். 'தவறு' என்று மட்டும் காட்டினால் பிள்ளை திகைக்கும். 'முதல் வரியில் 63 எழுத்துகள் உள்ளன. 50-க்குள் சுருக்குக' என்று காட்டினால் உடனே திருத்தும். சிவப்பு மையில் நாம் எழுதும் குறிப்புக்கும் இது பொருந்தும்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்குக் கணினியே வேண்டாம். கணக்கு நோட்டில் திருத்தம் செய்யும் பிள்ளையை, எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று ஒரே வரி எழுதச் சொல்லுங்கள். 'கடன் வாங்க மறந்தேன். பத்தாமிடத்தில் ஒன்று குறைத்தேன்' என்று எழுதும் பிள்ளைக்குத் தன் பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. பின்னாளில் அந்தப் பிள்ளை சிப்காட்டில் வேலை பார்த்தாலும் பெங்களூரில் நிரல் எழுதினாலும், அடுத்து வருகிறவருக்கு விளங்கும்படி எழுதும் பழக்கம் கைவசம் இருக்கும்.