கூண்டுக்குள் வரும் பருவம்

நேற்று வரை தோளில் ஏறிக் கொஞ்சிய கிளி, இன்று விரலைக் கடிக்கிறது. தீவனக் கிண்ணத்தில் கை வைத்தால் சீறுகிறது. நாளிதழைக் கிழித்துக் குவிக்கிறது. அலமாரியின் இருட்டு மூலைக்குள் புகுந்துகொண்டு வெளியே வர மறுக்கிறது. "இதுக்கு என்ன ஆச்சு?" என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். சிலர் வெறுத்துப்போய் யாரிடமாவது கொடுத்தும் விடுகிறார்கள். அதைக் கேட்கும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பறவைக்குக் கெட்ட குணம் எதுவும் வந்துவிடவில்லை. இனப்பெருக்கப் பருவம் வந்திருக்கிறது. பல வீடுகளில் அதை வரவழைத்தவர்களும் நாம்தான்.

பறவைக்குப் பருவத்தை அறிவிப்பதில் வெளிச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மண்டையோட்டைத் தாண்டிப் போகும் ஒளியை மூளையின் ஆழத்தில் இருக்கும் செல்களே உணர்ந்துகொள்ளும். பகல் நீண்டால் அங்கிருந்து சுரப்பிகளுக்குக் கட்டளை போகும். சென்னையில் டிசம்பர் மாதத்துக் குறுகிய பகலுக்கும் ஜூன் மாதத்து நீண்ட பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் நம் கூடத்தில் டியூப் லைட் இரவு 11 மணி வரை எரிகிறது. காலை 6 மணிக்குக் கண் விழித்த கிளிக்கு அன்றைய பகல் 17 மணி நேரம். அப்படி ஒரு பகல் நம் ஊரில் எந்த மாதத்திலும் கிடையாது.

சாப்பாடும் அப்படித்தான். லவ் பேர்ட்ஸ் என்று நாம் வாங்கிவரும் பட்ஜிகள் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுக்குச் சொந்தமானவை. அங்கே மழை நினைத்தபோதுதான் பெய்யும். பெய்து புல் விளைந்த இடத்துக்குக் கூட்டமாகப் பறந்துபோய் மரப்பொந்தில் முட்டையிடும்; காய்ந்துபோனால் கிளம்பிவிடும். நம் கூண்டிலோ தினை தீர்வதே இல்லை. மேலே ஒரு மண்பானையையும் தொங்கவிட்டிருக்கிறோம். பெண் பறவை முட்டையிடாமல் என்ன செய்யும்?

அன்பாகத் தடவுவதிலும் கவனம் வேண்டும். முதுகையும் இறக்கைக்கு அடியையும் வருடினால், அதை இணைசேரும் அழைப்பாகவே கிளி எடுத்துக்கொள்ளும். தலை, கழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தின்றதைக் கக்கி உங்கள் விரலில் ஊட்ட வருகிறதா? உங்களையே இணையாக நினைக்கிறது. திட்டாதீர்கள்; மெல்ல இறக்கி விட்டு விளையாட ஏதாவது கொடுங்கள். இரவு 7 மணிக்கெல்லாம் கூண்டை விளக்கில்லாத, சத்தமில்லாத அறைக்கு மாற்றுங்கள். 11, 12 மணி நேரம் இருட்டு கிடைக்கட்டும். பானையை எடுத்துவிடுங்கள். சில வாரங்களில் பழைய கிளி திரும்பி வரும்.

நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். அது குஞ்சு பொரிக்க வேண்டிய இடம் மரப்பொந்தும் கோபுரத்து இடுக்கும்தான்.

எனக்கு மிகவும் கவலை தருவது முட்டை விஷயம். பட்ஜியோ, கொண்டை வைத்த காக்கட்டீலோ, ஆண் துணை இல்லாமலேயே முட்டையிடும். குஞ்சு வராத முட்டைதானே என்று உடனே எடுத்து எறிந்தால், ஈடுகட்ட மறுபடியும் இடும். ஒவ்வொரு ஓட்டுக்கும் சுண்ணாம்புச் சத்து பறவையின் எலும்பிலிருந்தும் கரைகிறது. அதனால் முட்டைகளை அப்படியே விட்டுவிடுங்கள். மூன்று வாரம் போல அடைகாத்துவிட்டு, தானே சலித்து எழுந்துவிடும். கூண்டில் ஒரு கணவாய் ஓடு எப்போதும் இருக்கட்டும்.

பறவை இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து, வால் துடிக்க முக்குகிறது என்றால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். எண்ணெய் தடவி வெளியே எடுக்கப் பார்க்காதீர்கள். விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஒரு பெட்டியில் துணி விரித்து, கதகதப்பாக வைத்து, உடனே பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள்.